வீட்டு ரிப்பேரும் நம்பகமான ஆட்களும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கிங்ஸ் சர்க்கிளில் வசிக்கும் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நம் காரியதரிசி என்னிடம் வந்து, "மாமா, அடுத்த கூட்டத்தில் நீங்கள்தான் பேச வேண்டும், அரைமணி நேரம்" என்றபோது, கீதையிலிருந்து ஏதாவது எதிர்பார்க்கிறார் என்று நினைத்தேன். அதற்கு நம்மிடையே பண்டிதர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசலாம் என்றால், போன தடவைதான் ஒரு டாக்டர் பேசி நம் எல்லோரையும் பயமுறுத்திவிட்டுப் போனார். யோசித்துப் பார்த்தேன். கோவிலில் தீபாராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடும்போதும், காய்கறி மார்க்கெட்டிலும், காபி ஹோட்டலில் இடத்துக்குக் காத்து நிற்கும்போதும் நாம் ஒருவரையொருவர் உண்மையாகக் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றுதான்: "உங்களுக்கு ஒரு நல்ல பிளம்பர் தெரியுமோ?" அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன்.

எனக்கு என்ன யோக்யதை என்று கேட்கலாம். நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்தவன். மத்திய அரசின் கணக்குத் தணிக்கையில் 36 வருஷம் உத்தியோகம். அதில் பாதிக் காலம் கட்டிட வேலை பில்களைச் சரிபார்த்தே கழிந்தது. கோடிக்கணக்கான ரூபாய் வேலையில் ஒரு மூட்டை சிமெண்ட் கூடுதலாக எழுதியிருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் சொந்த வீட்டுக் குளியலறையில் ஏமாந்து போனேன். யார் ஏமாற்றினார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நாம் குடியிருக்கும் கட்டிடங்களைப் பற்றிக் கொஞ்சம். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. அதன் விளைவாக 1898-ல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். தாதர், மாதுங்கா பக்கத்து வயல்களையும் மேட்டு நிலங்களையும் மனைகளாக்கி, அகலமான ரோடுகளும் தோட்டங்களும் போட்டது அந்த டிரஸ்ட்தான். 1930-களிலும் 40-களிலும் இங்கே மூன்று நான்கு மாடிக் கட்டிடங்கள் எழும்பின. நம் தாத்தாக்கள் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டோடு வந்து அவற்றில் குடியேறினார்கள். கிராமத்தில் கொல்லைப்புறத்தில் இருந்த கக்கூஸ், இங்கே வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அது பெரிய மனமாற்றம். ஆசாரம் பார்த்த பாட்டிகள் எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்பது தனிக் கதை. எனக்கு இங்கே வேண்டியது வேறு விஷயம். கக்கூஸும் குளியலறையும் வீட்டுக்குள் வந்து, ஒன்றின் தலைமேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அன்றே, ஒருவர் வீட்டுத் தண்ணீர் இன்னொருவர் வீட்டு மச்சில் இறங்குவதற்கு வழி பிறந்துவிட்டது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்குச் சிமெண்டின் காரத்தன்மைதான் கவசம். பல வருஷங்களில் காற்றிலுள்ள கரியமில வாயு மெள்ள உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைக்கிறது. பம்பாய்க் கடற்காற்றில் உப்பு வேறு. இவற்றோடு ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளும்போது மேல்பூச்சு உப்பி, ஒருநாள் படீரென்று விழும். ஆகவே மச்சில் ஒரு மஞ்சள் கறை தெரிந்தால் அது வெறும் பெயிண்ட் விவகாரம் என்று அலட்சியமாக இருக்கக்கூடாது.

இனி என் கதை.

2012-ம் வருஷம், ஏப்ரல் மாதம். பேரனுக்கு உபநயனம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து எங்கள் வீட்டில்தான் தங்கப் போகிறார்கள். "இந்த பாத்ரூமை வெச்சுண்டு மனுஷாளைக் கூப்பிட முடியாது" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கினேன். 96,000, 82,000, 62,000. சர்க்கார் வழக்கப்படி மிகக் குறைந்த டெண்டரை ஏற்றுக்கொண்டேன்.

சர்க்காரில் குறைந்த டெண்டரை எடுப்பதற்கு முன்னால், எல்லோரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகப் பல பக்கங்களுக்கு வேலை விவரம் இருக்கும். என்னிடம் இருந்தது மூன்று துண்டுக் காகிதம். ஒன்றில் "பாத்ரூம் கம்ப்ளீட்" என்று மட்டும் எழுதியிருந்தது. கம்ப்ளீட் என்றால் பைப் உண்டா, கதவு உண்டா, இடித்த மண்ணை யார் அள்ளுவது? நான் கேட்கவில்லை.

62,000 சொன்னவர் தாராவியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மேஸ்திரி. அவருடைய தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அடக்கமான மனுஷர். கையில் கரணையைப் பிடிப்பதிலேயே வேலை தெரிந்தவர் என்று புரியும். பழைய தளத்தைப் பெயர்த்து, செங்கல் ஜல்லி போட்டு வாட்டம் கொடுத்து, தண்ணீர் இறங்காத கலவையும் பூசி முடித்த அன்று என்னிடம் வந்தார்.

"ஐயா, இதுல மூணு நாள் தண்ணி கட்டி வைக்கணும். கீழ்வீட்டுல ஈரம் அடிக்குதான்னு பாத்துட்டு அப்புறமா டைல்ஸ் ஒட்டுவோம்."

"மூணு நாளா? இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு. பந்தக்கால் நடணும், சமையல்காரா வருவா. நாளைக்கே டைல்ஸை ஒட்டிடுப்பா."

"தண்ணி கட்டிப் பாக்காம ஒட்டப்படாதுய்யா."

"நான் சொல்றேன், ஒட்டு."

ஒட்டினார். உபநயனம் சிறப்பாக நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் பாத்ரூமைப் புகழ்ந்தார்கள். மேஸ்திரிக்கு 51,000 கொடுத்திருந்தேன், மீதி 11,000 பாக்கி.

ஜூன் முதல் வாரம் கீழ்வீட்டு மாமி போன் பண்ணினாள். அவளுடைய ஸ்வாமி அலமாரிக்கு நேர்மேலே மச்சில் ஒரு கறை. பத்து நாளில் சொட்ட ஆரம்பித்தது. மாமிக்கு அப்போது எழுபது வயசு. மாமா காலமாகிவிட்டார், பிள்ளை அமெரிக்காவில். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நாற்பது வருஷப் பழக்கம். அவள் படங்களையெல்லாம் இறக்கிச் சமையலறை மேடையில் வைத்துக்கொண்டு, அலமாரிக்குள் ஒரு பித்தளை அடுக்கை வைத்தாள்.

மேஸ்திரியைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். "பாக்கி 11,000 கிடையாது, போ" என்றேன். அவர் தரையைக் குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். "தளம் நல்லாத்தான்யா இருக்கு. தண்ணி கட்டிப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

பிறகு விசிட்டிங் கார்டோடு ஒரு இண்டீரியர் கம்பெனிக்காரர் வந்தார். அவர்கள் பெயர் வேண்டாம். தளம் முழுவதையும் பெயர்த்து எடுத்தார்கள். 1,15,000 ரூபாய். தீபாவளிக்கு முன்னால் முடித்தார்கள். பிப்ரவரியில் மறுபடியும் சொட்டியது. கம்பெனிக்காரர் போனை எடுக்கவில்லை.

இதற்கு நடுவில் மாமி என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள். படியில் பார்த்தபோது, "ராத்திரி ரெண்டு மணிக்கும் டொக் டொக்குனு சொட்டறது. அந்த நேரத்துல உங்காத்துல யார் குளிக்கறா?" என்றாள். கோபத்தில் குத்திக் காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வருஷம் நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக்கு வெற்றிலை பாக்குக்கு அழைப்பு வரவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவை.

கடைசியில் என் மருமான், அவன் கெமிக்கல் என்ஜினியர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். முழுக் கதையும் கேட்டுவிட்டு, "மாமா, நீ பிஸிக்ஸ்தானே படிச்சே?" என்றான். குளியலறைத் தரையின் வடிகாலைத் துணியால் அடைத்து, நாலு விரற்கடை தண்ணீர் நிரப்பி, அதில் சிவப்புச் சாயம் கலந்தான். இரண்டு நாள் நின்றது. கீழே சொட்டிய தண்ணீரில் ஒரு துளிச் சிவப்பு இல்லை. பிறகு மாடித் தொட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வால்வை மூடச் சொன்னான். சில மணி நேரத்தில் சொட்டுவது குறைந்தது. மறுநாள் காலையில் நின்றேவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். குளிக்கும்போது மட்டும் கசிந்தால் குற்றம் தரையிலோ வடிகாலிலோ இருக்க வேண்டும். ராத்திரி பகல் எந்நேரமும் சொட்டினால், எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும் குழாயில்தான் ஓட்டை. மாமி கோபத்தில் சொன்னதே சரியான நோய்க்குறி. சுவருக்குள் போகும் அந்தக் காலத்து ஜி.ஐ. பைப்பில், ஒரு எல்போ துருப்பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை. அதை மாற்ற ஒரு பிளம்பருக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய். மேஸ்திரி போட்ட முதல் தளம் கசிந்ததே இல்லை. நல்ல தளத்தைப் பெயர்த்தெறிய நான்தான் 1,15,000 கொடுத்திருக்கிறேன். அன்று மூன்று நாள் தண்ணீர் கட்டியிருந்தால், தளத்தில் குற்றமில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சியாக இருந்திருக்கும். என்னை ஏமாற்றியவர் யார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த சில நடைமுறை விஷயங்களைச் சொல்கிறேன். வரிசைக்கிரமமாக இராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளைத் தேடுவதற்கு முன்னால் வியாதி என்ன என்று தெரிய வேண்டும். மேஸ்திரியைக் கூப்பிட்டால் தளத்தைப் பார்ப்பார், பெயிண்டரைக் கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பார். அவரவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. எப்போது கசிகிறது, எவ்வளவு, மழையிலா வெயிலிலா, குழாயை மூடினால் நிற்கிறதா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். கீழ்வீட்டுக்காரரையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். காசு செலவில்லாத காரியம். சாயத் தண்ணீர்ப் பரீட்சையும் அப்படித்தான், ஹோலிக் கலர் போதும்.

ஆளை எங்கே கண்டுபிடிப்பது? ஹார்ட்வேர் கடைக்காரரைக் கேட்பது பழைய வழி. இன்றும் மோசமில்லை. ஆனால் கடைக்காரர் அனுப்பும் ஆளுக்கும் கடைக்கும் நடுவே கமிஷன் இருக்கும். சில பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்றே டோக்கன் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்காகச் சண்டை போடாதீர்கள், அது அவர்கள் தொழிலில் உள்ளதுதான். விலையைப் பேசும்போது மனசில் வைத்துக்கொண்டால் போதும். செல்போன் செயலி மூலம் வருகிற ஆட்கள் குழாய் மாற்றவும் ஃபேன் மாட்டவும் சரி. ஒரு மாத வேலைக்கு எனக்கு அது திருப்தி இல்லை. இன்றைக்கு வந்தவர் நாளைக்கு வருவார் என்ற நிச்சயம் வேண்டும்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, அவர் செய்த வேலையைப் போய்ப் பார்ப்பது. நேற்று முடித்த வேலையைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. நேற்று முடித்தது எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் கடந்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டு எஜமானியிடம் இரண்டு கேள்வி: சொன்ன தொகைக்கு மேல் எவ்வளவு ஆயிற்று? பிற்பாடு ஒரு கோளாறு என்று கூப்பிட்டபோது வந்தாரா? இரண்டாவது கேள்விக்கு வருகிற பதில்தான் முக்கியம்.

காலமும் முக்கியம். பம்பாயில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் எல்லோருக்கும் ரிப்பேர் ஞாபகம் வரும், ஏனென்றால் ஜூனில் மழை. அப்போது ஒரு மேஸ்திரி நாலு வீட்டை ஒரே சமயத்தில் ஒப்புக்கொள்வார். உங்கள் வீட்டில் இடித்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நாம் அதை நாணயக் குறைவு என்கிறோம். அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். மழை நாலு மாதம் வேலை அரைகுறை. கையில் மூலதனம் கிடையாது. ஒரு வீட்டு அட்வான்ஸில்தான் இன்னொரு வீட்டுச் சிமெண்ட் வாங்குகிறார். வேலையை விட்டால் போட்டிக்கு வேறு ஆள் நிற்கிறான். ஆகவே உள்வேலைகளைத் தீபாவளிக்குப் பிறகு, பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பிஹார்க்காரர்கள் சட் பூஜைக்கும், உ.பி.க்காரர்கள் ஹோலிக்கும், கொங்கண்காரர்கள் கணபதிக்கும் ஊருக்குப் போவார்கள். நம் தமிழ் ஆட்களுக்குப் பொங்கல். முன்கூட்டியே கேட்டுவிட்டால், நடுவில் காணாமற் போய்விட்டார் என்ற புகாரே வராது.

எழுத்தில் இருக்க வேண்டும். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், இலாகா வழக்கம். பக்கம் பக்கமாக வேண்டாம். ஒரு முழுத்தாளில், எந்த இடம், எத்தனை சதுர அடி, என்ன பொருள், என்ன பிராண்டு, பொருள் வாங்குவது யார், பைப் சேர்த்தியா இல்லையா, இடித்த மண்ணை யார் அப்புறப்படுத்துவது, எத்தனை நாள். அதே தாளை மூன்று பேரிடமும் கொடுத்து விலை கேளுங்கள். அப்போதுதான் 62,000-த்தையும் 96,000-த்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். தண்ணீர் கட்டிப் பார்க்கும் நாட்களையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்: குறைந்தது 48 மணி, முடிந்தால் 72. பூச்சு வேலைக்கு நீராட்டும் நாட்களையும் எழுதுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 456, அதன் 2000-ம் ஆண்டுப் பதிப்பில், சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காய விடாமல் வைக்க வேண்டும் என்கிறது. கலப்பு சிமெண்டுக்கு 10 நாள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் கலப்பு சிமெண்ட். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு ரசாயனச் சேர்க்கை நடந்து இறுகுகிறது. தண்ணீரை நிறுத்தினால் சேர்க்கையும் நின்றுவிடும். நம் அவசரம் அதற்குத் தெரியாது.

பணம். பாதித் தொகையை முதலிலேயே கொடுப்பது நம் பக்கத்து வழக்கமாகிவிட்டது. வேண்டாம். முதல் தவணைச் சாமானுக்கு வேண்டியதை மட்டும் கொடுங்கள். முடிந்தால் கடையில் நீங்களே பணம் கட்டி, பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள். அதற்குப் பிறகு வேலை நடந்த அளவுக்கு, அளந்து, வாரா வாரம். சர்க்காரில் அதற்கென்றே அளவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. பத்து சதவிகிதத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பதும் சர்க்கார் வழக்கந்தான். ஆனால் அதை முதல் நாளே சொல்லி, தாளில் எழுதி, தேதியும் போட்டுவிட வேண்டும். அந்தத் தேதி வந்தால் அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். நான் பண்ணியது அதுவல்ல. என் கோபத்துக்கு ஒரு கூலியைப் பிடித்தம் பண்ணினேன்.

பில்லும் ரசீதும் இருந்தால் இன்னொரு சௌகரியம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு செய்யும் ரிப்பேரும் சேவைதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மனுக் கட்டணம் கிடையாது. துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது. சின்ன மேஸ்திரி மேல் வழக்குப் போடச் சொல்லவில்லை. விசிட்டிங் கார்டுக்காரர்களை நினைத்துச் சொல்கிறேன்.

சொஸைட்டி விஷயம். மாதிரி உபவிதிகளின்படி, வீட்டுக்குள் கக்கூஸ், ஸிங்க் போன்றவற்றால் வரும் கசிவை அந்த அங்கத்தினர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். கட்டிடத்தில் மாறுதல் செய்வதானால் கமிட்டியின் அனுமதி எழுத்தில் வேண்டும். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறோம். 2007 ஜூலையில் போரிவலியில் லக்ஷ்மி சாயா என்ற கட்டிடம் விழுந்தது. 2017 ஜூலை 25-ந் தேதி காட்கோபரில் ஸித்தி ஸாயி என்ற நாலு மாடிக் கட்டிடம் விழுந்து 17 பேர் உயிரிழந்தார்கள். இரண்டிலும் கீழ்த்தளத்தில் மாறுதல் வேலை நடந்துகொண்டிருந்தது, அதில் தூண்கள் சேதப்பட்டன என்பதுதான் குற்றச்சாட்டு. மேலே சமையல் பண்ணிக்கொண்டிருந்தவர்களுக்குக் கீழே என்ன இடிக்கிறார்கள் என்று தெரியாது. நம் மாதுங்காக் கட்டிடங்கள் இவற்றைவிட மிகப் பழையவை. எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்பதை மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது, ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் பார்க்க வேண்டும். "ஹால் பெரிசா தெரியணும், இந்தச் சுவரை எடுத்துடலாம்" என்று எந்த இண்டீரியர்காரர் சொன்னாலும், அந்த என்ஜினியரின் கையெழுத்தைக் கேளுங்கள். கையெழுத்து இல்லையென்றால் ஹால் சின்னதாகவே இருக்கட்டும்.

எலெக்ட்ரிக் வேலையிலும் விலை பேசி மிச்சம் பிடிக்காதீர்கள். உரிமம் உள்ள ஆளாக இருக்க வேண்டும். கீஸர், வாஷிங் மெஷின் உள்ள வீட்டில் 30 மில்லி ஆம்பியருக்குத் துண்டிக்கும் ஆர்.ஸி.ஸி.பி. போட்டிருக்கிறதா, அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று இன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சரியான எர்த்தும் வேண்டும். பழைய கட்டிடங்களில் மூன்றாவது கம்பி சுவருக்குள் எங்கேயும் போகாமல் சும்மா நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

தனியாக இருக்கும் மாமிகள், பெரியவர்கள், வேலை நடக்கும் நாட்களில் கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களின் பெயரும் போன் நம்பரும் வாட்ச்மேன் ரெஜிஸ்டரில் ஏறட்டும். இது சந்தேகம் அல்ல, ஏதாவது தொலைந்தால் வீண்பழி வராமல் அவர்களுக்கும் பாதுகாப்பு.

இன்னொன்று, சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் என் அம்மா காலத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி டம்ளர், பால்கனி மூலையில் கவிழ்த்து வைத்திருக்கும். காலை எட்டரை மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை சிமெண்டில் நிற்பவர் கக்கூஸுக்கு எங்கே போவார் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. அவருக்குப் பத்து நாள் வேலை நம் வீட்டுக் கக்கூஸில்தான், ஆனால் அவசரத்துக்கு அவர் ஸ்டேஷன் பக்கம் போக வேண்டும். வேலை பாதியில் ஆளைக் காணோமே என்று நாமே புகாரும் சொல்வோம். நல்ல மேஸ்திரிகள் வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், நமக்குத்தான் தெரிவதில்லை. எந்த வீட்டில் கூலி இழுத்தடிப்பார்கள், எந்த வீட்டில் தண்ணீர் கூடக் கொடுக்கமாட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குள் பேச்சில் இருக்கும்.

எல்போ மாற்றிய மறுநாளே என் மனைவி கேட்டாள், "அந்த மேஸ்திரிக்கு என்ன பண்ணப் போறேள்?" பழைய நம்பரில் போன் போகவில்லை. ஹார்ட்வேர் கடையில் விசாரித்தேன். தாராவியில் 90 அடி ரோட்டில் இரண்டு தடவை போய் அலைந்தேன். பம்பாயில் பிறந்தவன், அதுவரைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்த ரோடு அது. மூன்றாவது வாரம் ஒரு டீக்கடைக்காரர், "அவரு நவி மும்பை சைட்டுல இருக்காரு, ஞாயித்துக்கிழமை வருவாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். வாசலிலேயே நின்றார். "உள்ளே வந்து உட்காருங்கோ" என்றேன். முன்பு 'நீ' என்றுதான் பேசியிருந்தேன். என் மனைவி எங்களுக்குக் கொடுக்கும் டபரா டம்ளரிலேயே காபி கொண்டுவந்து கொடுத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். "தப்பு என் மேல்தான்" என்று சொல்லி 13,000 ரூபாய் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்து, 11,000-த்தைப் பையில் வைத்துக்கொண்டு, 2,000-த்தை மேஜைமேல் வைத்தார்.

"இது எதுக்குய்யா?"

"இத்தனை நாள் தாமதமாச்சே, வட்டி மாதிரி."

"வட்டியெல்லாம் வேண்டாங்கய்யா. வேலை இருந்தா சொல்லுங்க." பிறகு, "கீழ்வீட்டு அம்மா மச்சைப் பாக்கலாமா?" என்றார்.

இருவரும் கீழே போனோம். மாமி கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வழிவிட்டாள். மேஸ்திரி ஸ்டூலில் ஏறி மச்சைத் தட்டினார், ஒரு இடத்தில் டொப்பென்று சத்தம் வந்தது. அந்த மச்சை அவரே தட்டியெடுத்துப் பூசிக் கொடுத்தார். பொருளுக்கும் கூலிக்கும் ஆனதை நான் கொடுத்தேன். எங்கள் சமையலறையையும் பிற்பாடு அவர்தான் செய்தார், அந்த முறை முழுத்தாளில் எழுதி, தண்ணீர் கட்டிப் பார்த்து. 2020 ஏப்ரலில் தாராவியில் கொரோனா பரவியபோது, எப்படி இருக்கிறார் என்று கேட்கப் போன் பண்ணினேன். "நான் இருக்கேன்யா, நீங்க வெளிய வராதீங்க" என்றார். இப்போது அவருடைய பிள்ளை வேலையைப் பார்த்துக்கொள்கிறான். மாமியும் அந்த வருஷ நவராத்திரிக்குக் கூப்பிட்டுவிட்டாள். சுண்டலில் உப்பு அதிகம், ஆனால் நான் சொல்லவில்லை.

காரியதரிசி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒரே ஒரு வேண்டுகோளோடு முடித்துவிடுகிறேன். நம் சங்க நூலக மேஜையில் ஒரு கெட்டி அட்டை நோட்டு வைக்கக் கமிட்டி சம்மதித்திருக்கிறது. கொத்துவேலை, தச்சுவேலை, பிளம்பர், எலெக்ட்ரீஷியன், பெயிண்டர் என்று தனித்தனிப் பக்கம். ஆளின் பெயரையும் நம்பரையும் அவரைக் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகு எழுதுங்கள். என்ன வேலை, எந்த மாதம், சொன்ன தொகை, ஆன தொகை, ஒரு மழைக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று கட்டம் போட்டிருக்கிறேன். கடைசிக் கட்டம் நமக்கு: பாக்கி முழுவதும் கொடுத்தாகிவிட்டதா, எந்தத் தேதியில். அதைக் காலியாக விடுகிறவர்களின் பரிந்துரை நோட்டில் ஏறாது. முதல் பக்கத்தில் என் பாத்ரூம் கணக்கு இருக்கிறது, அந்த 11,000 தாமதமானது உள்பட. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.